போடாக்ஸ் ஊசி: அழகுக்கும் நோய்க்கும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போடாக்ஸ் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது சுருக்கமே இல்லாத சினிமா முகம்தான். பக்கவாதத்தில் விரல்கள் மடங்கிப்போன பெரியவர், கண்ணைத் திறக்கவே முடியாமல் இமை துடிக்கும் அம்மா, மாதத்தில் பாதி நாள் தலைவலியில் படுத்திருப்பவர் ஆகியோருக்கும் இதே மருந்துதான் போடப்படுகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. சரியான குப்பியிலிருந்து, சரியான யூனிட் அளவில், பயிற்சி பெற்ற டாக்டர் கையால் போட்டால் இது நம்பகமான மருந்து. அந்த மூன்றில் ஒன்று தவறினாலும் ஆபத்துதான். கீழே உள்ள பதில்களைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இது விஷம் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். குளோஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற பாக்டீரியா உண்டாக்கும் புரத நச்சு இது. மனிதர் அறிந்த நச்சுகளிலேயே மிகக் கடுமையானவற்றில் ஒன்று. காற்றுப் படாத இடத்தில் வளரும் பாக்டீரியா என்பதால், சரியாகப் பதப்படுத்தாத இறைச்சியிலும் டப்பா உணவிலும் பெருகும். ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் பகுதியில் கெட்டுப்போன சாசேஜ் சாப்பிட்டுப் பலர் இறந்தபோது, அங்கிருந்த யுஸ்டினுஸ் கெர்னர் என்ற மருத்துவர் 1820களிலேயே நோயின் அறிகுறிகளை விரிவாக எழுதிவைத்தார். இதை மிகச் சிறிய அளவில் மருந்தாகவும் பயன்படுத்த முடியும் என்று அப்போதே ஊகித்தவர் அவர். 1895இல் பெல்ஜியத்தின் ஒரு கிராமத்தில், துக்க நிகழ்ச்சிக்கு வாசிக்க வந்த இசைக்குழுவினர் உப்பிட்ட பன்றி இறைச்சி சாப்பிட்டு நோயுற்றார்கள். மூவர் இறந்தார்கள். அந்த இறைச்சியை ஆராய்ந்துதான் எமில் வான் எர்மெங்கெம் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்.

எல்லாம் அளவில்தான் இருக்கிறது. மருந்தின் வீரியத்தை யூனிட் என்ற அளவால் குறிப்பார்கள். 100 யூனிட் உள்ள ஒரு போடாக்ஸ் குப்பியில் இருக்கும் நச்சு சில நானோகிராம் மட்டுமே. ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் வருவது ஒரு நானோகிராம். 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உயிரைப் பறிக்க 2,500 முதல் 3,000 யூனிட் வரை தேவைப்படும் என்று குரங்குகளில் செய்த ஆய்வுகளை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். புருவங்களுக்கு நடுவே உள்ள கோட்டுக்குப் போடுவது 20 யூனிட்.

அப்படியானால் இதை முதலில் அழகுக்காகத்தான் கண்டுபிடித்தார்களா?

இல்லை, கண்ணுக்காக. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆலன் ஸ்காட் என்ற கண் டாக்டர், மாறுகண்ணை ஆபரேஷன் இல்லாமல் சரிசெய்ய வழி தேடினார். இழுத்துப் பிடிக்கும் கண் தசையைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும் என்பது அவர் எண்ணம். 1970களில் முதலில் குரங்குகளிலும் பிறகு மனிதர்களிலும் சோதித்தார். 1989 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் இதை அனுமதித்தது.

கனடாவின் வான்கூவரில் ஜீன் கேருத்தர்ஸ் என்ற கண் டாக்டர் இமைத் துடிப்புக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். ஊசி போட்டவர்களின் புருவ நடுவில் இருந்த கோடுகள் மறைவதை அங்கேதான் கவனித்தார்கள். அவருடைய கணவர் அலஸ்டேர் தோல் டாக்டர். இருவரும் சேர்ந்து 1992இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அழகுக்கான அனுமதி அமெரிக்காவில் 2002இல்தான் வந்தது. மருந்தாக 12 ஆண்டுகள் பயன்பட்ட பிறகே அது அழகு சிகிச்சைக்கு அதிகாரப்பூர்வமாக வந்தது.

உடம்புக்குள் போய் என்ன செய்கிறது?

நரம்பின் முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் வெளியேறித் தசையைத் தொட்டால்தான் தசை சுருங்கும். அந்த ரசாயனத்தை வெளியே தள்ள நரம்புக்குள் ஸ்னாப்-25 என்ற புரதம் வேண்டும். இந்த மருந்து அதை வெட்டிவிடுகிறது. கட்டளை போய்ச் சேராததால் தசை தளர்கிறது. நரம்பு சாவதில்லை. நாளடைவில் அது புதுக் கிளைகளை விட்டு, புரதத்தையும் மறுபடி உருவாக்கிக்கொண்டு, பழையபடி வேலை செய்யத் தொடங்கும். அதனால்தான் இந்த ஊசியின் பலன் நிரந்தரமில்லை.

வியர்வைச் சுரப்பி, எச்சில் சுரப்பி ஆகியவற்றுக்கும் அசிட்டைல்கோலின்தான் கட்டளை கொண்டுபோகிறது. அதிக வியர்வைக்கும் எச்சில் வடிதலுக்கும் இது உதவுவது அப்படித்தான்.

எத்தனை நாளில் பலன் தெரியும்? எவ்வளவு காலம் நிற்கும்?

மூன்று நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் மாற்றம் தொடங்கும். முழுப் பலன் இரண்டு வாரத்தில். பொதுவாக மூன்று, நான்கு மாதம் நிற்கும். அக்குள் வியர்வைக்கு ஆறு மாதத்துக்கு மேலும் நிற்பதுண்டு. ஊசி போட்ட நான்காம் நாளே "ஒன்றும் ஆகவில்லை, இன்னும் கொஞ்சம் போடுங்கள்" என்று கேட்காதீர்கள். இரண்டு வாரம் கழித்துப் பார்த்துத்தான் டாக்டர் முடிவெடுக்க வேண்டும்.

எந்தச் சுருக்கம் போகும், எது போகாது?

முகத்தை அசைக்கும்போது விழும் கோடுகளுக்குத்தான் இது. கோபத்தில் புருவ நடுவே விழும் செங்குத்துக் கோடு, புருவத்தை உயர்த்தினால் நெற்றியில் வரும் குறுக்குக் கோடு, சிரித்தால் கண் ஓரத்தில் விரியும் கோடுகள். முகம் அசையாமல் இருக்கும்போதும் ஆழமாகத் தெரியும் கோடு ஓரளவு மங்கும், முழுதாகப் போகாது. வெயிலால் வந்த கருமை, தொங்கும் தோல், ஒட்டிய கன்னம் இவற்றுக்கு இந்த ஊசியால் பயனில்லை.

ஃபில்லர் என்பது வேறு. அது பள்ளத்தை நிரப்பும் ஜெல். அதன் ஆபத்துகளும் வேறு. இரண்டையும் ஒன்றாகப் பேசும் இடத்தில் எச்சரிக்கையாக இருங்கள்.

முகம் மரத்துப்போய் பொம்மை மாதிரி ஆகிவிடுமா?

அளவு மிஞ்சினால் அப்படித் தெரியும். உணர்ச்சி மரத்துப்போகாது, அசைவுதான் குறையும். நல்ல டாக்டர் முதல் தடவை குறைவாகவே போடுவார். கூட்டுவது சுலபம்; போட்டதைத் திரும்ப எடுக்க வழியே கிடையாது.

எந்தெந்த நோய்களுக்குப் பயன்படுகிறது?

பட்டியல் நீளம். கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும் டிஸ்டோனியா, முகத்தின் ஒரு பாதி மட்டும் துடிப்பது, பக்கவாதம் அல்லது முதுகுத்தண்டு காயத்துக்குப் பின் வரும் தசை இறுக்கம், மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகள் குதிகால் தரையில் படாமல் நுனிக்காலில் நடப்பது, நாள்பட்ட ஒற்றைத் தலைவலி, அடக்க முடியாத சிறுநீர், பார்க்கின்சன் நோயில் எச்சில் வடிதல், எழுதும்போது மட்டும் கை இழுத்துக்கொள்வது, குரல் நெரிபட்டு வருவது எனப் பல. ஆசனவாய் வெடிப்புக்கும், உணவுக்குழாயின் கீழ்முனை திறக்க மறுக்கும் அகலேசியாவுக்கும்கூடச் சில டாக்டர்கள் பயன்படுத்துகிறார்கள்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து கை மடங்கிவிட்டது. இந்த ஊசி போட்டால் கை வேலை செய்யுமா?

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். இந்தக் கேள்விக்குப் பின்னால் பெரிய நம்பிக்கை இருக்கிறது. அந்த நம்பிக்கையை யாரும் தவறாகப் பயன்படுத்திக்கொள்ளக் கூடாது.

ஊசி இறுக்கத்தைத் தளர்த்தும். போன பலத்தைக் கொண்டுவராது. இறுக்கத்துக்கு அடியில் கொஞ்சம் பலம் மிச்சமிருந்தால், இறுக்கம் குறைந்ததும் அது வெளியே தெரியும். அப்படிப்பட்டவர்கள் டம்ளரைப் பிடிக்கவும் சட்டையைப் போடவும் முன்னேறுவார்கள். பலமே இல்லாத கையிலும் பயன் உண்டு. மடங்கிய உள்ளங்கையை விரித்துக் கழுவலாம், நகம் வெட்டலாம், அக்குளைத் துடைக்கலாம், நகம் குத்திப் புண்ணாவதைத் தடுக்கலாம். அப்பாவைத் தினமும் குளிப்பாட்டுகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஊசி போட்ட பிறகு பிசியோதெரபி கட்டாயம். தசை தளர்ந்திருக்கும் அந்த மூன்று மாதம்தான் நீட்டிப் பயிற்சி செய்வதற்கும் ஸ்பிளின்ட் என்ற தாங்குபட்டை கட்டுவதற்கும் கிடைக்கும் நேரம். ஊசியை மட்டும் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் செலவு வீண். பல ஆண்டுகளாக மடங்கியே இருந்து மூட்டு உறைந்துவிட்டால் ஊசியால் பலன் குறைவு என்பதால், நரம்பியல் டாக்டரையோ மறுவாழ்வு மருத்துவரையோ சீக்கிரமே பார்ப்பது நல்லது. கடைசியாக ஒன்று. எந்தத் தசையைத் தளர்த்துவது என்பதைக் கவனமாக முடிவுசெய்ய வேண்டும். சிலர் காலின் இறுக்கத்தை ஊன்றித்தான் நிற்கிறார்கள்; அதைத் தளர்த்தினால் விழுந்துவிடுவார்கள்.

எல்லாத் தலைவலிக்கும் போடலாமா?

கூடாது. மூன்று மாதத்துக்கு மேலாக, மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி இருந்து, அதில் குறைந்தது எட்டு நாளாவது ஒற்றைத் தலைவலித் தன்மையோடு இருந்தால்தான் அது நாள்பட்ட ஒற்றைத் தலைவலி. அதற்கு நெற்றி, பொட்டுப் பகுதி, பின்மண்டை, கழுத்து, தோள் என 31 இடங்களில் மொத்தம் 155 யூனிட் போடுவார்கள், 12 வாரத்துக்கு ஒருமுறை. முதல் தடவையிலேயே பெரிய மாற்றம் தெரியாமல் இரண்டாம் தடவையில் தெரிவதும் உண்டு. தலைவலி நாட்குறிப்பு எழுதிவைத்தால்தான் பலன் இருக்கிறதா என்று நேர்மையாகச் சொல்ல முடியும்.

சிறுநீரை அடக்க முடியவில்லை. இதற்கும் ஊசியா?

மாத்திரைகள் பலன் தராதபோது, சிறுநீர்ப்பைக்குள் பார்க்க உதவும் சிஸ்டோஸ்கோப் என்ற மெல்லிய குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைச் சுவரில் 100 யூனிட்டைச் சுமார் 20 இடங்களில் போடுவார்கள். நரம்புக் கோளாறால் வந்திருந்தால் 200 யூனிட். முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பை அளவுக்கு மீறித் தளர்ந்து சிறுநீர் வெளியேறாமல் நின்றுவிடலாம். 100 யூனிட் போட்டவர்களில் நூற்றுக்கு ஆறேழு பேர் சில வாரம் தாமே குழாய் செருகிச் சிறுநீர் எடுக்க வேண்டியிருந்தது. அதற்கு மனம் தயாராக இல்லாவிட்டால் இந்தச் சிகிச்சை வேண்டாம். சிறுநீர்த் தொற்று இருக்கும்போது போடவே கூடாது.

அக்குளிலும் உள்ளங்கையிலும் வியர்வை ஊற்றுகிறது. பலன் உண்டா?

அக்குளுக்கு நல்ல பலன் உண்டு. பக்கத்துக்கு 50 யூனிட். உடம்பின் மற்ற இடங்கள் வியர்ப்பதால் உடற்சூடு தணிவதில் சிக்கல் வராது. உள்ளங்கைக்கும் போடுகிறார்கள், ஆனால் வலி அதிகம். சில வாரம் பிடிமானம் தளரலாம். தையல், வீணை, தட்டச்சு என்று விரல்களை நம்பிப் பிழைப்பவர்கள் யோசித்துச் செய்ய வேண்டும்.

சாதாரணமாக என்ன பக்கவிளைவு வரும்?

குத்திய இடத்தில் வலி, வீக்கம், ரத்தம் கட்டி நீலமாவது, ஒன்றிரண்டு நாள் தலைவலி. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நீலம் அதிகம் கட்டும். அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்.

மருந்து பக்கத்துத் தசைக்குப் பரவினால் மேலிமை தொங்கும், புருவம் இறங்கும், சிரிப்பு ஒரு பக்கம் கோணும். பார்த்ததும் பயமாக இருக்கும், ஆனால் சில வாரங்களில் தானே சரியாகும். இமைத் தொங்கலுக்குத் தற்காலிகமாக இமையைத் தூக்கும் சொட்டு மருந்து உண்டு. கழுத்துக்குப் போட்டவர்களுக்கு விழுங்குவதில் சிரமம் வரலாம். இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அப்புறம் அந்த 'கறுப்புக் கட்ட எச்சரிக்கை' என்ன?

மருந்தின் விளைவு போட்ட இடத்தைத் தாண்டி உடம்பில் பரவக்கூடும் என்ற எச்சரிக்கை. 2009இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இந்த வகை மருந்துகள் எல்லாவற்றின் லேபிளிலும் இதைக் கறுப்புக் கட்டத்துக்குள் அச்சிட வைத்தது. பரவினால் உடல் முழுதும் பலவீனம், இரட்டையாகத் தெரிவது, குரல் மாறுவது, விழுங்க முடியாமை, மூச்சுத் திணறல் வரலாம். சில மணி நேரத்திலும் வரலாம், சில வாரம் கழித்தும் வரலாம். தசை இறுக்கத்துக்கு அதிக அளவு பெறும் குழந்தைகளுக்கு ஆபத்து கூடுதல். முகச் சுருக்கத்துக்குச் சரியான அளவில் போடும்போது இது மிக அரிது.

செய்திகளில் வரும் முடக்கச் சம்பவங்கள் எப்படி நடக்கின்றன?

பெரும்பாலும் போலி மருந்து, உரிமமில்லாத மருந்து, அல்லது பயிற்சியில்லாத கை.

2004இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் நான்கு பேர் முடங்கி வென்டிலேட்டர் வரை போனார்கள். அவர்களுக்குப் போடப்பட்டது ஆய்வகத்துக்கென்று விற்கப்பட்ட, மனிதருக்குப் போடவே கூடாத நச்சு. ஊசி போட்டவரும் அந்த நால்வரில் ஒருவர். 2023 தொடக்கத்தில் துருக்கியில், எடை குறைய இரைப்பைச் சுவரில் இந்த ஊசியைப் போட்டுக்கொண்ட 60க்கும் மேற்பட்டோர் இந்த நச்சால் தசைகள் முடங்கும் போட்டுலிசம் நோய்க்கு ஆளானார்கள். பலர் ஜெர்மனி போன்ற நாடுகளிலிருந்து அதற்காகவே பயணம் போனவர்கள். 2024இல் அமெரிக்காவின் 11 மாநிலங்களில் 22 பெண்கள் பாதிக்கப்பட்டபோது, அவர்களுக்கு உரிமமோ பயிற்சியோ இல்லாதவர்கள், அல்லது வீடு, ஸ்பா போன்ற இடங்களில், ஊசி போட்டிருந்தது தெரிந்தது. 2025 கோடையில் இங்கிலாந்திலும் இதேபோல் சுமார் 40 பேர்.

எடை குறைய இந்த ஊசி போடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வேண்டாம். அது அனுமதிக்கப்பட்ட பயன்பாடே இல்லை.

டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும்?

மருந்தின் பெயர் என்ன, எத்தனை யூனிட் போடப்போகிறீர்கள் என்று கேளுங்கள். குப்பியையும் அட்டைப் பெட்டியையும் காட்டச் சொல்லுங்கள். பேட்ச் எண், காலாவதி தேதியைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இதைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. கேட்டதும் முகம் சுளிக்கும் இடத்தில் ஊசி போட்டுக்கொள்ளாமல் எழுந்து வந்துவிடலாம்.

யூனிட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். புருவ நடுக்கோட்டுக்கு போடாக்ஸ் 20 யூனிட் என்றால், இதே வகையில் இன்னொரு கம்பெனியின் மருந்தான டிஸ்போர்ட் 50 யூனிட். ஒன்றின் எண்ணை இன்னொன்றுக்குப் பொருத்தவே கூடாது. "50 யூனிட் போட்டார்கள்" என்று மட்டும் தெரிந்தால் போதாது, எந்த மருந்தில் 50 என்பது தெரிய வேண்டும். அடுத்த முறை வேறு டாக்டரிடம் போனால் இந்த விவரம்தான் முதலில் உதவும்.

போடாக்ஸ் போன்ற மருந்துகள் பொடியாக வரும். சலைன் கலந்துதான் போடுவார்கள். கரைத்ததைக் குளிர்பெட்டியில் வைத்து, லேபிளில் சொன்ன நேரத்துக்குள், போடாக்ஸ் என்றால் 24 மணி நேரத்துக்குள், பயன்படுத்த வேண்டும். வழக்கத்தைவிட மிக மலிவாகக் கிடைத்தால் அளவுக்கு மீறித் தண்ணீர் கலந்ததாகவோ பழையதாகவோ போலியாகவோ இருக்கலாம்.

பியூட்டி பார்லரில் போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. இந்தியாவில் இது டாக்டர் சீட்டில் மட்டும் தரவேண்டிய மருந்து. ஒரு வாரப் பயிற்சிச் சான்றிதழைச் சுவரில் மாட்டியிருப்பதால் யாரும் முகத் தசையின் அமைப்பை அறிந்தவர் ஆகிவிட மாட்டார்கள். ஏதாவது ஆனால் கவனிக்கத் தெரிந்தவரும் அங்கே இருக்க மாட்டார்.

பார்லரில் 'ஹேர் போடாக்ஸ்' என்கிறார்களே?

அதில் இந்த நச்சு கிடையாது. முடிக்குப் பூசும் கலவைக்கு வைத்த விற்பனைப் பெயர் அது. 'போடாக்ஸ் கிரீம்' என்று விற்பவையும் அப்படித்தான். இவ்வளவு பெரிய புரதம் பூசினால் தோலைத் தாண்டிப் போகாது.

யார் போட்டுக்கொள்ளக் கூடாது?

மயஸ்தீனியா கிராவிஸ், லாம்பர்ட்-ஈட்டன், ஏஎல்எஸ் போன்ற நரம்பு-தசை நோய் உள்ளவர்கள் அழகுக்காகப் போட்டுக்கொள்ளவே வேண்டாம். சிறு அளவே அவர்களுக்குப் பெரும் பலவீனம் தரலாம். போடும் இடத்தில் தொற்று இருந்தால் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். முன்பு ஒவ்வாமை வந்தவர்களுக்குக் கூடாது. பசும்பால் புரதம் ஒவ்வாதவர்களுக்கு டிஸ்போர்ட் கூடாது. ஜென்டாமைசின், அமிக்காசின் போன்ற ஆன்டிபயாடிக் போட்டுக்கொண்டிருந்தால் சொல்லுங்கள், அவை இதன் விளைவைக் கூட்டும்.

கர்ப்பிணிகளிடம் போதுமான ஆய்வு இல்லை. பால் கொடுப்பவர்களுக்கும் அப்படியே. சுருக்கம் ஒன்றரை வருடம் காத்திருக்கும்.

18 வயதுக்குக் கீழே?

நோய்க்கு என்றால், நிபுணர் கண்காணிப்பில், உண்டு. அழகுக்கு வேண்டாம். இங்கிலாந்தில் 2021 அக்டோபர் முதல் அது சட்டப்படியே குற்றம்.

நிறுத்திவிட்டால் சுருக்கம் முன்னைவிட மோசமாகுமா?

ஆகாது. பழைய நிலைக்குத் திரும்பும். பல மாதம் மழமழப்பைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மோசமாகத் தெரியலாம்.

முன்பு வேலை செய்த ஊசி இப்போது வேலை செய்யவில்லையே?

சிலரின் உடல் மருந்துக்கு எதிர்ப்புப் புரதம் உருவாக்கிவிடுகிறது. அதிக அளவும் குறுகிய இடைவெளியும் அதற்குக் காரணமாகலாம். மூன்று மாதத்துக்கு முன் திரும்பப் போடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். அழகுக்காக இன்று இஷ்டத்துக்குப் போட்டு எதிர்ப்பு உருவானால், நாளை உண்மையான நோய்க்குத் தேவைப்படும்போது மருந்து பலிக்காமல் போகக்கூடும். இதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை.

ஊசிக்குப் பிறகு என்ன கவனிக்க வேண்டும்?

போட்ட இடத்தை அன்று தேய்க்காதீர்கள், மசாஜ், ஃபேஷியல் வேண்டாம். நான்கு மணி நேரம் படுக்காமலும் அன்று கடும் உடற்பயிற்சி செய்யாமலும் இருக்கச் சொல்வது வழக்கம். அதற்கு வலுவான ஆதாரம் இல்லை என்றாலும் கடைப்பிடிப்பதில் நஷ்டமில்லை.

இதே நச்சு உணவில் வருமா?

வரும். நச்சைச் சூடு அழித்துவிடும், ஆனால் பாக்டீரியாவின் வித்துகள் சாதாரணக் கொதிநிலையில் சாவதில்லை. உப்பிப்போன டப்பாவைத் திறந்து ருசி பார்க்காதீர்கள். தேனில் அந்த வித்துகள் இருக்கக்கூடும். பெரியவர்களின் குடலில் அவை வளராது, கைக்குழந்தையின் குடலில் வளரும். நம் வீடுகளில் பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தொட்டுச் சேனை வைக்கும் வழக்கம் இருக்கிறது. பெரியவர்கள் மனம் கோணாமல் எடுத்துச் சொல்லி அதைத் தவிர்த்துவிடுங்கள். ஒரு வயதுவரை தேன் வேண்டாம்.

எப்போது உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

ஊசி போட்ட பிறகு எந்த நாளிலானாலும் விழுங்க முடியாமல் போனால், மூச்சு வாங்கினால், பேச்சு குழறினால், இரட்டையாகத் தெரிந்தால், கழுத்தைத் தூக்க முடியாவிட்டால், ஊசி போட்ட கிளினிக்கின் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். வென்டிலேட்டர் வசதியுள்ள பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். போனதும் ஊசி போட்ட தேதி, மருந்தின் பெயர், யூனிட் ஆகியவற்றை முதலில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பக்கவாதம் என்றோ வேறு நரம்பு நோய் என்றோ தேடி நேரம் போகும். நச்சு முறிவு மருந்து ரத்தத்தில் சுற்றும் நச்சைத்தான் பிடிக்கும், நரம்புக்குள் போய்விட்டதை மீட்காது. அதனால் எவ்வளவு சீக்கிரம் போகிறீர்களோ அவ்வளவு நல்லது. நரம்பு தேறி வரும்வரை வாரக்கணக்கில் மூச்சுக்கு இயந்திர உதவி தேவைப்படலாம். அந்த உதவி தொடர்ந்து கிடைப்பவர்களில் பெரும்பாலோர் பிழைத்து வருகிறார்கள்.